தனி அடுப்பு வைத்த அன்று: கிபுட்ஸ்களில் சமத்துவம் குடியிருந்த கதை

இலட்சிய சமூகம் என்று பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “எல்லாருக்கும் ஒரே சம்பளம்னா எவன் வேலை செய்வான்?” பக்கத்தில் இருப்பவர், “அப்ப சாக்கடையை யார் அள்றது?” என்பார். பேச்சு அத்தோடு முடியும். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் விடையே தெரியாத கேள்விகள் அல்ல. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் மூன்று நான்கு தலைமுறையாக இந்தக் கேள்விகளுக்கு நடுவிலேயே குடித்தனம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் கிபுட்ஸ்களைச் சொல்கிறேன்.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதல் பற்றிய செய்திகளில் பேரி, நிர் ஓஸ், கஃபார் அஸா என்ற பெயர்களோடு சேர்ந்துதான் நம்மில் பலர் ‘கிபுட்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டிருப்போம். எபிரேய மொழியில் அதற்கு ஒன்றுகூடல் என்று பொருள். நிலம் பொது, வருமானம் பொது, சமையலறை பொது, ஒரு காலத்தில் குழந்தை வளர்ப்பும் பொது. கிட்டத்தட்ட 270 ஊர்கள். இந்தக் கட்டுரை அந்த ஊர்களின் பொருளாதாரத்தையும் அரசியலையும் பற்றியது. அவற்றைச் சுற்றியிருக்கும் பெரிய அரசியலைத் தவிர்க்க முடியாது, அதற்கும் வருகிறேன்.

எத்தனையோ கனவு ஊர்கள் இருக்க ஏன் இவை? காலம்தான் காரணம். 1825இல் பிரிட்டிஷ் ஆலை முதலாளி ராபர்ட் ஓவன் அமெரிக்காவின் இந்தியானாவில் தொடங்கிய நியூ ஹார்மனி இரண்டு மூன்று வருடத்தில் கலைந்துபோனது. அந்த நூற்றாண்டில் முளைத்த பல பொதுவுடைமைக் குடியிருப்புகளும் அப்படித்தான். இன்னொரு பக்கம் சோவியத் ரஷ்யாவின் கூட்டுப்பண்ணைகள். அங்கே துப்பாக்கி முனையில் சேர்த்தார்கள், வெளியேற வழியில்லை. கிபுட்ஸ் இரண்டிலும் சேராது. விரும்பினால் சேரலாம், பிடிக்கவில்லையென்றால் மறுநாள் காலை பஸ் ஏறிவிடலாம். வெளியே தேர்தல், பத்திரிகை, சந்தை எல்லாம் இருந்தன. அப்படியும் முக்கால் நூற்றாண்டு சம வருமானத்தில் வாழ்ந்தார்கள். அது எப்படி நடந்தது, அப்புறம் ஏன் நின்றது என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம்.

முதல் கிபுட்ஸ் ஒரு தத்துவப் புத்தகத்திலிருந்து பிறக்கவில்லை, ஒரு பண்ணைத் தகராறிலிருந்து பிறந்தது. உதுமானியர் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில், கலிலேயக் கடல் என்று பைபிள் சொல்லும் கின்னரெட் ஏரிக்கரையில், யூதர்களுக்கு அங்கே ஒரு தாயகம் அமைக்க முனைந்த சியோனிச இயக்கம் ஒரு பயிற்சிப் பண்ணை நடத்தியது. மேலாளருக்கும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த இளம் தொழிலாளர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. வேலைநிறுத்தம் வரை போனது. சியோனிச அமைப்பின் பாலஸ்தீன அலுவலகத்தை நடத்திய ஆர்தர் ருப்பின், மேலாளர் இல்லாமல் இவர்களே ஒரு துண்டு நிலத்தைப் பொறுப்பேற்று நடத்திப் பார்க்கட்டும் என்று விட்டார். 1910 அக்டோபரில் ஏரியின் தெற்கே உம் ஜுனி என்ற இடத்தில் 10 ஆண்களும் 2 பெண்களும் குடியேறினார்கள். அதுதான் தெகானியா. நிலம் அவர்களுடையது அல்ல, யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய யூத தேசிய நிதியத்துடையது. கிபுட்ஸ் நிலம் என்பது பொதுவாக இன்றுவரை குத்தகைதான்.

இதில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கணக்கு உண்டு. வந்த இளைஞர்கள் ஐரோப்பியத் தரத்தில் கூலி எதிர்பார்த்தார்கள். உள்ளூர் அரபுத் தொழிலாளர்கள் விவசாயத்தில் கைதேர்ந்தவர்கள், குறைந்த கூலிக்கு வேலை செய்பவர்கள். யூத நிலக்கிழார்களே அரபுத் தொழிலாளர்களைத்தான் விரும்பினார்கள். கூலிச் சந்தையில் அரபுத் தொழிலாளர்களோடு போட்டிபோட முடியாது என்றால், கூலிச் சந்தையே இல்லாத ஓர் ஊரைக் கட்டிக்கொள்வது ஒரு வழி. ஒரே சமையல், ஒரே கூரை என்றால் செலவும் குறையும். ஆக, கிபுட்ஸின் சமத்துவம் ஓர் இலட்சியம்தான். கூடவே, மற்றவர்களை வெளியே நிறுத்தி வேலையைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடும்தான். இரண்டும் ஒன்றாகவே பிறந்தன.

சரி, அந்த ஊருக்குள் ஒரு நாள் எப்படிப் போகும்?

மாலையில் பொதுச் சாப்பாட்டுக்கூடத்தின் பலகையில் மறுநாள் வேலைப்பட்டியலை ஒட்டுவார்கள். இதற்கென்றே ஓர் உறுப்பினர், வேலை பிரிப்பவர், உண்டு. ஊரிலேயே அதிகம் திட்டு வாங்கும் பதவி அதுவாகத்தான் இருந்திருக்கும். யார் மாட்டுத்தொழுவத்துக்கு, யார் திராட்சைத் தோட்டத்துக்கு, யார் சலவைக்கு என்று அதில் இருக்கும். பாத்திரம் கழுவுவது, சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுவது போன்ற யாருக்கும் பிடிக்காத வேலைகள் முறைவைத்து வரும். கிபுட்ஸின் செயலாளரும் அந்த முறைக்குத் தப்ப முடியாது. சாக்கடைக் கேள்விக்கு இவர்கள் கண்ட விடை இவ்வளவுதான்: எல்லாரும், முறைவைத்து. நம் ஊரில் இந்தக் கேள்வி இத்தனை கனமாக இருப்பதற்குக் காரணம் வேலை அல்ல, அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருப்பது என்று தோன்றும்.

துணி விஷயம் இன்னும் சுவாரசியம். ஆரம்பக் காலத்தில் சட்டைகூட யாருக்கும் சொந்தமில்லை. சலவையிலிருந்து வந்ததை அளவுவாரியாக அடுக்கி வைப்பார்கள். வார இறுதியில் உங்கள் அளவில் கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். உயரமாகவோ குட்டையாகவோ குண்டாகவோ இருப்பவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. துணி பொதுவில் தைக்கப்படும், பொதுவில் துவைக்கப்படும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் இருக்கும், உங்களுடையது உங்களிடமே திரும்பி வரும் என்று மாற்றினார்கள். பிறகு வருடத்துக்கு இவ்வளவு என்று துணிக்கு ஒதுக்கீடு. அதற்கும் பிறகு ரொக்கமாகவே கைச்செலவுப் பணம். ஒரு பொதுவுடைமை ஊர் தனியுடைமைக்கு எந்தப் படிக்கட்டில் இறங்கி வந்தது என்று பார்க்க வேண்டுமானால் சட்டை அலமாரியைப் பார்த்தால் போதும்.

அரசியல் அமைப்பு எளிமையானது. சட்டசபை, அமைச்சரவை எல்லாம் கிடையாது. பொதுக்கூட்டம் மட்டும்தான். வழக்கமாகச் சனிக்கிழமை இரவு, எல்லா உறுப்பினரும், ஆளுக்கு ஓர் ஓட்டு. டிராக்டர் வாங்குவதா, யாரை இந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது, புதிதாக விண்ணப்பித்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதா எல்லாம் அங்கேதான். வேலை, கல்வி, உடல்நலம், பண்பாடு என்று குழுக்கள் இருக்கும். செயலாளர், பொருளாளர் பதவிகள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கைமாறும். பதவிக்குத் தனிச் சம்பளம் கிடையாது என்பதால் பலர் அதைத் தண்டனையாகவே நினைத்தார்கள். நேரடி மக்களாட்சிக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது கடினம்.

ஆனால் அதன் இன்னொரு முகத்தையும் யோசிக்க வேண்டும். உங்கள் மகள் இசை படிக்க ஆசைப்படுகிறாள். ஊருக்குத் தேவை ஒரு கணக்காளர். அவள் ஆசையை முந்நூறு பேர் முன்னால் விவாதித்துக் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். அங்கே மேலதிகாரி யாருமில்லை, ஊரே மேலதிகாரி.

இப்போது அந்த முதல் கேள்வி: எவன் வேலை செய்வான்? செய்தார்கள் என்பதுதான் விடை. பாலைவன ஓரங்களில் தோட்டம் போட்டார்கள், தொழிற்சாலை கட்டினார்கள். தெற்கில் நெகேவ் பாலைவனப் பகுதியில் ஹட்சரிம் கிபுட்ஸில் 1965இல் தொடங்கியதுதான் நெட்டாஃபிம் நிறுவனம். நம் தென்னந்தோப்பிலும் கரும்பு வயலிலும் கறுப்புக் குழாய் போட்டுச் சொட்டச் சொட்டத் தண்ணீர் விடும் முறை உலகச் சந்தைக்கு வந்தது அங்கிருந்துதான். 2010 வாக்கில் இஸ்ரேலின் மக்கள் தொகையில் சில சதவீதமே இருந்த கிபுட்ஸ்கள் நாட்டின் விவசாய உற்பத்தியில் சுமார் 40 சதவீதத்தையும் தொழில் உற்பத்தியில் சுமார் 9 சதவீதத்தையும் கொடுத்தன. சோம்பேறிகள் கூடாரம் இப்படி இருக்காது.

சம்பளம் இல்லாமல் உழைப்பைக் கறந்தது எது? இலட்சியம் கொஞ்சம். ஊர்வாய் நிறைய. மூன்று வேளையும் ஒரே கூடத்தில் சாப்பிடுகிறீர்கள். காலையில் பருத்திக் காட்டில் யார் மரத்தடியில் தூங்கினார் என்பது மதியம் சூப் வருவதற்குள் எல்லா மேசைக்கும் தெரிந்துவிடும். நானூறு பேர் ஊரில் போலீஸ் எதற்கு, கண்காணிப்புக் கேமரா எதற்கு? நம் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓசியால் வந்த சிக்கல் வேறு இடத்தில் தலைகாட்டியது. வேலையில் ஏமாற்றாதவர்கள் செலவில் தாராளமாக இருந்தார்கள். மின்சாரத்துக்கு மீட்டர் இல்லை, சாப்பாட்டுக்குக் கணக்கில்லை. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். கூடத்திலிருந்து எடுத்துப் போன இறைச்சி நாய்க்குப் போகும். பின்னாளில் மீட்டர் வைத்து அவரவர் கணக்கில் எழுதத் தொடங்கியதும் மின்செலவு மளமளவென்று குறைந்தது. ஊர்வாய் வேலைத்தளத்தைக் காவல் காத்தது. மூடிய அறைக்குள் எரியும் விளக்கை அதனால் பார்க்க முடியவில்லை.

அறைக்குள் என்றதும் கெட்டில் ஞாபகம் வருகிறது. நாடு உருவான 1948ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிபுட்ஸ்களைப் பிடித்து உலுக்கிய பெரிய விவாதங்களில் ஒன்று தேநீர்க் கெட்டில். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நகரத்திலிருக்கும் அத்தை ஒரு மின்கெட்டிலை அன்பளிப்பாகக் கொடுத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் பக்கத்து அறைக்காரருக்கு இல்லாதது இவருக்கு இருக்கிறது. அது முதல் குற்றம். இரண்டாவதுதான் பெரியது. மாலை வேலை முடிந்து அறையிலேயே தண்ணீர் கொதித்துவிட்டால், எதற்காகக் கூடத்துக்கு நடக்க வேண்டும்? இன்று தேநீர், நாளை ரொட்டியும் முட்டையும், நாளை மறுநாள் குடும்பத்தோடு தனிச் சாப்பாடு. எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று சிரித்துவிட முடியாது. கூட்டுக்குடும்பத்தில் பெரிய மருமகள் தன் அறையில் ஸ்டவ் ஒன்றை வாங்கி வைத்த அன்று மாமியார் ஏன் முகம் சுருங்கினார் என்பது நமக்குத் தெரியும். ஸ்டவ் வந்தால் தனி உலை வரும், தனி உலை வந்தால் பாகப்பிரிவினை வரும்.

வழக்கமாக வந்த தீர்வு, கிபுட்ஸே எல்லோருக்கும் ஒரு கெட்டில் வாங்கிக் கொடுப்பது. சமத்துவம் காப்பாற்றப்பட்டது. கூட்டு மெல்லக் கரைந்தது. ரேடியோ, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றிலும் இதே நாடகம். 1950களில் ஜெர்மனி நாஜிக் கொடுமையில் தப்பியவர்களுக்குத் தனிப்பட்ட இழப்பீடு கொடுக்கத் தொடங்கியபோது நாடகம் துயரமாக மாறியது. தாய் தகப்பனைப் பறிகொடுத்ததற்காக ஒருவர் பெயருக்கு வரும் பணம், அதையும் பொதுவில் போட வேண்டுமா? பல கிபுட்ஸ்கள் ஆம் என்றன. எந்தச் சமத்துவக் கொள்கையும் இந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்சம் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

குழந்தைகள் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. பெரும்பாலான கிபுட்ஸ்களில் குழந்தைகள் பெற்றோருடன் தூங்கவில்லை. சிறுவர் இல்லத்தில் ஒத்த வயதுக் குழந்தைகளோடு, பராமரிப்பாளர் கண்காணிப்பில் வளர்ந்தார்கள். மாலையில் சில மணி நேரம் பெற்றோரோடு, பிறகு தூக்கம் மீண்டும் இல்லத்தில். நோக்கம் உயர்வானதுதான்: பெண்ணை அடுப்படியிலிருந்தும் தொட்டிலிலிருந்தும் விடுவிப்பது. நடந்தது என்ன? அடுப்படியும் தொட்டிலும் பொதுவாயின. அவற்றில் வேலை செய்தவர்கள் பெண்களாகவே இருந்தார்கள். ஆரம்பத்தில் வயலுக்குப் போகப் போராடிய பெண்கள், இரண்டாம் தலைமுறையில் பெரும்பாலும் சமையல், சலவை, சிறுவர் இல்லம் என்று மூன்று இடத்தில் அடைந்தார்கள். சொந்தக் குழந்தைக்கு இரவில் தண்ணீர் கொடுக்க முடியாது, இருபது பேரின் குழந்தைகளுக்குப் பகலெல்லாம் கொடுக்க வேண்டும்.

இந்த வளர்ப்பில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒரே குழுவில் வளர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவில்லை, பெற்றோருக்கு விருப்பமும்கூட. சமூகவியலாளர் ஜோசப் ஷெபர் கிபுட்ஸில் வளர்ந்தவர்களின் 2,769 திருமணங்களை அலசிப் பார்த்தார். முதல் ஆறு ஆண்டுகளும் பிரியாமல் ஒன்றாக வளர்ந்த ஜோடி ஒன்றுகூட அதில் இல்லை. ஒன்றாகக் குளித்து ஒன்றாகத் தூங்கிய பிள்ளைகள் அண்ணன் தங்கையாகிவிட்டார்கள். சகோதரத்துவம் என்ற முழக்கம் இப்படி நேர்ப்பொருளில் பலிக்கும் என்று நிறுவியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

குழந்தைகளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற குரலைப் பெருமளவில் எழுப்பியவர்கள் தாய்மார்கள், அதாவது அதே இல்லங்களில் வளர்ந்து தாயான பெண்கள். 1970களிலும் 80களிலும் ஒவ்வொரு கிபுட்ஸாக மாறியது. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கிய ஏவுகணைகள் விழுந்த இரவுகள் மிச்சமிருந்த தயக்கத்தையும் தீர்த்தன. 1990கள் முடிவதற்குள் இரவு இல்லங்கள் எங்கும் இல்லை.

குழந்தை வீட்டுக்கு வந்தால் வீட்டில் ஓர் அறை கூடுதலாக வேண்டும். நூற்றுக்கணக்கான வீடுகளை விரிவாக்க வேண்டும். அதற்குக் கடன்.

கடன் அன்று மலிவு. பணவீக்கம் எகிறிக்கொண்டிருந்த காலத்தில் இன்று வாங்கிய கடன் நாளை சுருங்கிவிடும். கிபுட்ஸ்கள் ஒன்றுக்கொன்று உத்தரவாதம் என்பதால் வங்கிகளும் யோசிக்காமல் கொடுத்தன. 1984இல் இஸ்ரேலில் பணவீக்கம் ஆண்டுக்கு 400 சதவீதத்தைத் தாண்டியது. 1985 ஜூலையில் அரசு அதிரடித் திட்டம் கொண்டுவந்து பணவீக்கத்தை அடக்கியது. விலை நின்றது, வட்டி நிற்கவில்லை. சுருங்கும் என்று நம்பிய கடன் உண்மையான கடனாகி வீங்கியது. ஒரு கிபுட்ஸ் விழுந்தால் உத்தரவாதம் கொடுத்த மற்றதும் விழும். கிபுட்ஸ்களுக்குத் தயவு காட்டிய தொழிற்கட்சியின் தனி ஆதிக்கமும் 1977லேயே போயிருந்தது. 1989இல் அரசு, வங்கிகள், கிபுட்ஸ் இயக்கங்கள் மூன்றும் உட்கார்ந்து கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தும் மீதியைத் தள்ளிவைத்தும் ஓர் உடன்பாடு போட்டன. அது போதாமல் 1996இல் இன்னொன்று.

எல்லாக் கதைகளும் இங்கே நின்று, ‘கடனால் கிபுட்ஸ் வீழ்ந்தது’ என்று முடித்துவிடுகின்றன. கடன் வந்த எல்லாக் குடும்பமும் பிரிந்துவிடுவதில்லையே. இங்குதான் ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ரான் அப்ரமிட்ஸ்கியின் ஆய்வு உதவுகிறது. அவர் குடும்பமே கிபுட்ஸ் வழி வந்தது. அவர் வாதத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும். சம வருமானம் என்பது ஒரு காப்பீடு. நோய் வரலாம், கை ஒடியலாம், திறமை இல்லாமல் போகலாம். என்ன ஆனாலும் சாப்பாடும் வீடும் பள்ளியும் நிச்சயம். நிறுவியவர்கள் இருபது வயதுக்காரர்கள், வெறுங்கை, எதிர்காலம் இருட்டு. யாருக்கு எது அமையும் என்று தெரியாத நிலையில் எல்லோருக்கும் அந்தக் காப்பீடு லாபம். ஆனால் பேரப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயதில் தான் பொறியாளர் என்று தெரியும். நகரத்தில் தனக்கு என்ன சம்பளம் என்றும் தெரியும். அவனுக்கு அதே காப்பீட்டின் பிரீமியம் மலை போலத் தெரியும். பொறியாளர் கிளம்புகிறார். நகரத்தில் குறைவாகச் சம்பாதிப்பவருக்கோ உள்ளே வர ஆசை.

இந்தக் கசிவை அடைத்துவைத்தது எது? வெளியே போகிறவர் கையில் எதுவும் கொண்டுபோக முடியாது என்ற விதி. முப்பது வருடம் உழைத்தாலும் வீடு அவருடையது அல்ல, தொழிற்சாலையில் பங்கு இல்லை, வங்கியில் சேமிப்பு இல்லை. சின்னத் தொகை கொடுத்து அனுப்புவார்கள். கதவு திறந்தேதான் இருந்தது, ஆனால் கதவுக்கு அப்பால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும் பொதுச் சொத்து செழிப்பாக இருக்கும்வரை அதை விட்டுப் போக மனம் வராது. 1985க்குப் பிறகு அந்தச் சொத்தே கடனாகிவிட்டது. விட்டுப் போவதற்கு இனி என்ன இருக்கிறது? படித்தவர்கள், இளைஞர்கள், வேலை கிடைக்கக்கூடியவர்கள் முதலில் போனார்கள். முதியோர் மிஞ்சினார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் என்று தனியாக எதையும் யாரும் சேர்த்து வைத்திருக்கவில்லை, ஏனென்றால் பிள்ளைகள்தான் ஓய்வூதியம் என்று நினைத்திருந்தார்கள்.

இந்த விளக்கத்தை நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. இது சரியென்றால் பணக்காரக் கிபுட்ஸ்களில் சமத்துவம் நீடித்திருக்க வேண்டும். நீடித்தது. பிளாஸ்டிக் தொழிற்சாலையால் செழித்த கடலோர மஅகான் மிகாயேல், அச்சகத்தால் செழித்த பேரி போன்றவை மற்றவை மாறிய பிறகும் பொது வருமானத்தை விடவில்லை. சமத்துவம் ஏழைகளின் ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். இங்கே அதைத் தாங்க வசதி தேவைப்பட்டது.

மற்றவற்றில் மாற்றம் படிப்படியாக வந்தது. முதலில் சாப்பாட்டுக்குக் காசு, மின்சாரத்துக்கு மீட்டர். 1993இல், சிரியாவிடமிருந்து 1967இல் இஸ்ரேல் பிடித்த கோலான் குன்றுப் பகுதியில் உள்ள எய்ன் ஸிவான், வேலைக்கேற்ற சம்பளம் என்று முதலில் துணிந்தவற்றில் ஒன்று. பெரும் சண்டை. பத்து வருடத்துக்குள் அதுவே வழக்கமானது. 2007இல் தெகானியாவும், அதாவது முதல் கிபுட்ஸே, ஓட்டுப்போட்டு மாறியது. இன்று நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட கிபுட்ஸ்கள் ‘புதுப்பிக்கப்பட்ட’ வகை. சம்பளம் அவரவர் கணக்கில் வரும், அதிலிருந்து ஊருக்கு ஓர் உள்வரி, அந்த வரியில் குறைந்த வருமானக்காரருக்கும் முதியவருக்கும் ஒரு கீழ்மட்டப் பாதுகாப்பு. வீட்டை உறுப்பினர் பெயருக்கே மாற்றிக் கொடுக்கிறார்கள். தொழிற்சாலைகள் இன்னும் பெரும்பாலும் பொதுவில். நம் கண்ணுக்கு இது ஸ்காண்டிநேவிய நலவாழ்வு அரசின் சின்ன அளவு மாதிரி தெரியலாம்.

சம்பள வித்தியாசம் வந்ததும் பள்ளியில் ஒரு மாற்றம். சீர்திருத்தம் செய்த கிபுட்ஸ்களின் மாணவர்கள் பள்ளி இறுதித் தேர்வில் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள் என்று அப்ரமிட்ஸ்கியும் இன்னொரு பொருளாதார அறிஞர் விக்டர் லாவியும் காட்டினார்கள். அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. படித்தால் காசு என்றதும் படித்தார்கள், அவ்வளவுதான். வேலை செய்யச் சம்பள வித்தியாசம் தேவைப்படவில்லை, படிக்கத் தேவைப்பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வேலிக்கு உள்ளே. வேலிக்கு வெளியே?

லெபனான் எல்லையருகே இருக்கும் ஸாஸா கிபுட்ஸ் 1949 ஜனவரியில் உருவானது. ஸஸா என்ற பாலஸ்தீனக் கிராமம் இருந்த இடம் அது. அதன் மக்கள் 1948 போரில் விரட்டப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அருகில் பரஅம் கிபுட்ஸ், கஃபர் பிர்இம் என்ற கிறிஸ்தவக் கிராமத்தின் நிலத்தில். அந்தக் கிராமத்தார் இஸ்ரேலியக் குடிமக்களாகவே இருந்தும் இன்றுவரை ஊர் திரும்ப முடியவில்லை. இன்னும் பல கிபுட்ஸ்களின் நிலக்கதை இதுவே. உள்ளே ஒரு சட்டையைக்கூடச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று விடிய விடிய விவாதித்தவர்கள், அந்த விவாதத்தை இன்னொருவர் வெளியேற்றப்பட்ட மண்ணில் நின்று நடத்தினார்கள்.

யூதர்களுக்குள்ளும் வேலி இருந்தது. 1940களின் கடைசியிலும் 1950களிலும் மொராக்கோ, ஈராக், ஏமனிலிருந்து லட்சக்கணக்கில் யூதர்கள் வந்து தகரக் கொட்டகைகளில் கிடந்தார்கள். பிரதமர் பென்குரியன், இவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று கிபுட்ஸ்களைக் கேட்டார். கிபுட்ஸ்கள் தயங்கின. கூலிக்கு ஆள் வைப்பது சுரண்டல், எங்கள் கொள்கைக்கு விரோதம் என்றன. உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், அது நடந்தது கொஞ்சம்தான். பின்னால் தொழிற்சாலைகள் பெருகியதும் பக்கத்து நகரங்களிலிருந்து கூலிக்கு ஆள் வந்தார்கள், அவர்கள் பெரும்பாலும் இதே மக்கள். முதலாளி யார்? சமத்துவவாதிகளின் ஊர். 1981இல் பிரதமர் மெனாஹெம் பெகின், வடக்கில் கிரியாத் ஷ்மோனா நகரத்துக்கு மேலே மலையில் இருக்கும் மனாரா கிபுட்ஸின் நீச்சல் குளத்தைச் சுட்டி, கோடீஸ்வரர்கள் என்று கிண்டலடித்தார். அந்தக் குளம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கீழே நகரத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சு எங்கே போய்த் தைத்தது என்பது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதன் பிறகு கடன் நெருக்கடி வந்தபோது கிபுட்ஸ்களுக்காகக் கண்ணீர் விட நாட்டில் ஆள் குறைந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

இலட்சிய சமூகத்தை வரைபவர்கள் பெரும்பாலும் நடு மண்டபத்தையே வரைகிறார்கள்: யார் ஆள்வது, எப்படிப் பங்கிடுவது. கிபுட்ஸ்கள் அந்த மண்டபத்தை ஓரளவு நன்றாகவே கட்டின. அவற்றின் தலைவிதியை முடிவு செய்தவை இரண்டு கதவுகள். ஒன்று, போகிறவர் கையில் எதைக் கொடுத்தனுப்புவது. மற்றது, வருகிறவர்களில் யாரைச் சேர்ப்பது.

போகும் கதவு இப்போது அகலமாகிவிட்டது. வீட்டை விற்று, சேமிப்பை எடுத்துக்கொண்டு போகலாம். அப்படி ஆனதும் வேடிக்கையாக எதிர்த்திசையில் கூட்டம் வந்தது. 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு கிபுட்ஸ் மக்கள் தொகை மீண்டும் ஏறத் தொடங்கியது. நகரத்துக்கு ஓடிய பிள்ளைகள் குடும்பத்தோடு திரும்புகிறார்கள். அவர்களோடு, கிபுட்ஸ் வாசனையே அறியாத நகரத்துக்காரர்களும், தோட்டத்தோடு ஒரு வீடு, நல்ல பள்ளி, சைக்கிளில் போகும் குழந்தைகள் என்று ஆசைப்பட்டு விண்ணப்பிக்கிறார்கள்.

வரும் கதவில் இன்னும் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். நெகேவ், கலிலேயா பகுதிகளில் 400 குடும்பங்களுக்கு உட்பட்ட ஊர்கள் தேர்வுக்குழு வைத்து, ஊரின் சமூகப் பண்பாட்டோடு ஒத்துப்போகாதவர் என்று ஒருவரைத் திருப்பி அனுப்பலாம் என்று 2011இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அரபுக் குடிமக்களைத் தள்ளிவைக்கவே இது என்று வழக்குப் போட்டார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023இல் அந்த வரம்பை 700 குடும்பங்களாக உயர்த்தினார்கள்.